ஜெபாவும் என் தோள்பையும்

பேக்கிங் ஸ்டோரில் புகை என்று வாக்கி டாக்கியில் யாரோ கத்தியபோது ஜெபாவும் நானும் கேன்டீனில் சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தோம். கை கழுவாமலே ஓடினோம்.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனி அது. நான் பக்கத்துக் கிராமத்துக்காரி, ஸ்டிச்சிங் லைனில் சூப்பர்வைசர். ஜெபாராணி தூத்துக்குடிப் பக்கம். அதே லைனில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். எங்கள் இருவரையும் எமர்ஜென்சி டீமில் ஜோடியாகப் போட்டிருந்தார்கள். தீ, கேஸ் லீக் என்றால் ஃபயர் சர்வீஸ் வண்டி வரும்வரை சமாளிக்க வேண்டியது அந்த டீம்தான். புகைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது, எப்போதும் இரண்டு பேர் என்பது விதி.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. நான் ஒரு தோள்பை வைத்திருந்தேன். அதில் டார்ச், இன்னொரு டார்ச், கயிறு, கையுறை, கத்தரிக்கோல், கட்டுத்துணி, குட்டைக் கடப்பாரை, தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு டிரில்லுக்குப் பிறகும் புதிதாக ஏதாவது சேரும். ஜெபா வெறுங்கையோடு வருவாள். ஆனால் லஞ்ச் முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில், துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஸ்டோர் சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்துப் பழகுவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"யக்கா, என்னத்துக்கு இம்புட்டையும் சுமக்கிய? புகைக்குள்ள தவழ்ந்துல்லா போணும்."

"உள்ள போய் ஒண்ணு வேணும்னா இன்னாடி பண்ணுவ?"

"அப்ப யோசிக்க வேண்டியதுதான்."

"நீ யோசிச்சிகினே இரு, காத்து தீந்துடும்."

அன்று ஸ்டோர் வாசலில் சேஃப்டி ஆபீசர் ராஜேந்திரன் சார் நின்றிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் போடும் மூலையில் பற்றிய தீ, அட்டைப்பெட்டிகளுக்கும் ஃபோமுக்கும் பரவியிருந்தது. மற்றவர்கள் பின்கதவு வழியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்கதவு வழியே கறுப்புப் புகை வந்தது.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பாலாஜி வெளிய வரல. கடைசி ரேக்காண்ட இருந்தானாம். அந்தப் பக்கம் நெருப்பு இல்ல, புகைதான். சுவரை வுடாதீங்க. காத்து குறைஞ்சு செட்டுல விசில் அடிச்சா, ஆளு கிடைச்சாலும் கிடைக்கலனாலும் திரும்பிடணும். புரியுதா?" என்றார்.

முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக அந்த செட்டை மாட்டிக்கொண்டு தவழ்ந்தோம். ஜெபா முன்னால், இடது கை சுவரில். அவள் காலைப் பிடித்தபடி நான் பின்னால். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் என் பை ஏதோ ரேக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. பயத்தில் மூச்சு தாறுமாறாக ஓடியது. அப்படி மூச்சு வாங்கினால் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்ததும் பயம் இன்னும் கூடியது. ஜெபா திரும்பி வந்தாள். தன் மாஸ்க்கை என் மாஸ்க்கோடு ஒட்டிக் கத்தினாள்.

"யக்கா, மூச்ச மெள்ள இழுங்க. மெள்ள விடுங்க. என்கூடச் சேர்ந்து."

அவளோடு சேர்ந்து மூச்சு விட்டேன். அவள் என் தோளிலிருந்து பையைக் கழற்றி, கம்பியிலிருந்து விடுவித்துச் சுவரோரம் வைத்தாள். அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே தவழ்ந்தோம்.

இருமல் சத்தம் கேட்டுப் பாலாஜியைக் கண்டுபிடித்தோம். ஓடும்போது சரிந்த, சரக்கு அடுக்கும் மரப் பாலெட்டுகளுக்கு அடியில் அவன் கணுக்கால் சிக்கியிருந்தது. தரையோரம் புகை குறைவு, அதனால்தான் உயிர் இருந்தது. இருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஜெபாவின் விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

"யக்கா, ஒங்க கடப்பாரை!" என்றாள்.

அது பைக்குள் இருந்தது. பிரிந்து போகவும் கூடாது. இருவருமே திரும்ப வேண்டும். பாலாஜிக்கு அது புரிந்துவிட்டது. என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"வுட்டுட்டுப் போவாதக்கா!"

"கடப்பாரை எடுத்துகினு வர்றோம்டா. சத்தியமா வருவோம்."

அவன் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வேலையில் எத்தனையோ செய்திருக்கிறேன், அதைப்போல் கஷ்டமான காரியம் இல்லை.

சுவரைப் பிடித்துத் திரும்பினோம். ஜெபாவின் கை பையைத் தொட்டது. கடப்பாரையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி வந்தோம். பாலெட்டுக்கு அடியில் அதைக் கொடுத்து நான் நெம்ப, அவள் பாலாஜியை இழுத்தாள். அவனை இழுத்துக்கொண்டு கதவை நெருங்கும்போது என் செட்டில் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பாலாஜிக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. தேறி வந்து, இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வண்டி ஓட்டுகிறான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு புல்தரையில் உட்கார்ந்தோம். முகமெல்லாம் கரி.

"கொஞ்சம் சுமக்கணும் போலக்கா" என்றாள் ஜெபா.

"ஆமாண்டி. கொஞ்சம்தான் சுமக்கணும்" என்றேன்.

மறுநாள் புதுப் பையை இருவரும் சேர்ந்து அடுக்கினோம். உடம்போடு ஒட்டி இடுப்பில் கட்டும் சின்னப் பை. ஒரு டார்ச், கயிறு, கடப்பாரை, கையுறை. அன்றிலிருந்து லஞ்ச் நேரத்தில் நானும் கண்ணைக் கட்டிக்கொண்டேன். சிரிக்கிறவர்களுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள்.

அடுத்த வருடம் ஜெபாவின் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. நான் மேனேஜர் வரை போய்க் கேட்டேன். "பாலிசிமா, என் கையில இல்ல" என்றார். இப்போது திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். எப்போதாவது போன் வரும்.

"சேர்ந்த அன்னைக்கே பின்வாசல் எங்கன இருக்குன்னு பாத்துட்டேன்க்கா. மொதலாளி ஒரு மாதிரியாப் பாத்தாரு."

"இங்க எப்ப ஜெபா வருவ?"

"நீங்க வாங்களேன்க்கா."

வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

டீமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கை பழகாத பொருளைப் பையில் வைக்காதீர்கள். பழக்கம் இருக்கிறதே என்று வெறுங்கையோடும் போகாதீர்கள். கூட வருகிறவரோடு சேர்ந்தே பழகுங்கள். இப்போது என் ஜோடி கெட்டிக்காரப் பெண், எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் டிரில் முடிந்து மாஸ்க்கைக் கழற்றும்போது பக்கத்தில் வேறொரு முகத்தைத் தேடிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஒரகடம் கூட்ரோட்டில் ஹாஸ்டல் பெண்கள் ஊருக்குப் போக நிற்பார்கள். எந்த ஊர் என்று கேட்பேன். தூத்துக்குடி என்று யாராவது சொல்லிவிட்டால், அவர்கள் பஸ் வரும்வரை ஏதாவது பேச்சுக் கொடுத்தபடி அங்கேயே நிற்பேன்.