ரூஸ்வெல்ட் கட்சி முனிராஜ் அண்ணன்

முனிராஜ் அண்ணன் போய்விட்டார்.

ராயக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். அடக்கம் நேற்றே முடிந்துவிட்டது. எனக்கு இன்று காலை பஸ்ஸில்தான் சொன்னார்கள்...

ஓசூர் கம்பெனி பஸ்ஸில் பதினோரு வருடம் ஒரே சீட். ராயக்கோட்டையிலிருந்தே எனக்கு இடம் போட்டுக்கொண்டு வருவார், நான் உத்தனப்பள்ளியில் ஏறுவேன்.

சங்கரன்கோவிலிலிருந்து வேலைக்கு வந்த புதிது. பஸ் முழுக்கத் தெலுங்கும் கன்னடமும், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. இவர் மடியில் மட்டும் தடியாக ஒரு தமிழ்ப் புத்தகம். அந்த வயதில் தபாலில் எம்.ஏ. ஹிஸ்டரி! அமெரிக்க வரலாறு பேப்பராம்.

பேச ஆள் கிடைத்தால் போதும் என்று, "இதுல இருக்குற ஜனாதிபதிங்கள்ல யாருண்ணே பெரிய ஆளு?" என்றேன்.

"ரூஸ்வெல்ட்டுதான். ரெண்டு ரூஸ்வெல்ட்டுல மொதல்ல வந்தவரு. காட்டையெல்லாம் காப்பாத்துன மனுசன்."

எட்டிப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் வில்சன் படம். "இல்லண்ணே, வில்சன்தான்."

சத்தியமாக வில்சனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பேச்சு நின்றுவிடக் கூடாது... அவ்வளவுதான்.

அதற்காகவே லைப்ரரிக்குப் போய்ப் படித்தேன். இனிமேல் உலகச் சண்டையே வேண்டாம் என்று நாடுகளுக்கெல்லாம் ஒரு சங்கம் வைக்கப் பாடுபட்டவர் வில்சன் என்பேன். "அவரு நாடே அதுல சேரலியேப்பா!" என்று சிரிப்பார். உங்க ஆளு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போனவர்தானே என்பேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் கேன்டீனில், கான்ட்ராக்ட் ஆட்கள் தனியாக உட்காரும் மேஜையைக் காட்டினார். "உங்க வில்சன் ஆட்சியில கவர்மென்ட் ஆபீஸ்ல கறுப்பு ஜனங்கள இப்படித்தான் பிரிச்சு வச்சாங்க, தெரியுமா?"

தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார். நானும் தட்டோடு பின்னால் போனேன்.

போன வருடம் ரிட்டயர் ஆனார். இப்போது பக்கத்து சீட்டில் யார் யாரோ... எல்லார் காதிலும் இயர்போன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

இன்று வாசலில் அவர் மகளிடம் என் பேரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லிட்டோம் அங்கிள். வில்சன் அங்கிளுக்குத்தான் சொல்ல முடியல. ஆஸ்பத்திரியில அப்பா அவரத்தான் கேட்டுக்கினே இருந்தாரு. அப்பா போன்ல இருந்து நம்பர் எடுத்து என் போன்ல கூப்ட்டேன். ராங் நம்பர்னு வச்சுட்டாரு."

போன வெள்ளிக்கிழமை, லன்ச் நேரம். புது நம்பரிலிருந்து எனக்கு ஒரு போன். "வில்சன் அங்கிளா?" என்று ஒரு பெண் குரல்... ராங் நம்பர்மா என்று கட் பண்ணினேன். மறுபடி அடித்தபோது எரிச்சலில் எடுக்கவே இல்லை.

என் நம்பரை அந்தப் பேரில் போட்டு வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லையே... பாவி நான்.

"நான்தான்மா வில்சன்" என்றேன்.

என்ன சொல்வதற்காக என்னைக் கேட்டார் என்று அவளுக்கும் தெரியாதாம்.

போயிட்டு வாங்கண்ணே. ரூஸ்வெல்ட்டே பெரிய ஆளு.

இப்படிக்கு,
வில்சன்