என் வண்டி இல்லை என்றேன்

இன்று சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள பிரவுசிங் சென்டரில் நான் செய்த காரியத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அங்கே கார் ரேஸ் கேமில் எனக்கென்று ஒரு சின்ன சிவப்புக் காரை சேவ் செய்து வைத்திருந்தேன். என்ஜினைத் தொடவே இல்லை. டயரை மட்டும் மாற்றி, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன். அதற்கே இரண்டு வாரம் ஆனது. ரேஸில் ஜெயிக்காது. ஆனால் வளைவில் சொன்னபடி திரும்பும். எனக்கு அது போதும்.

இன்று என்னோடு வேலை பார்க்கும் செல்வம் பின்னால் வந்து நின்றான்.

"என்னடா மாப்ள, குரும்பலூர் டவுன் பஸ்ஸே இத முந்திட்டுப் போயிடும் போலருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"இது என் வண்டி இல்லடா. யாரோ வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றேன்.

"அப்பறம் என்ன? அழிச்சிட்டு நல்ல வண்டியா எடு."

அழித்தேன். இருப்பதிலேயே வேகமான காரை எடுத்து, முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன்.

கிளம்பும்போது சென்டர் நடத்தும் அக்கா கேட்டார்.

"அந்த செவப்புக் கார நீங்கதான செஞ்சி வச்சீங்க? கூட்டம் இல்லாதப்ப நான் அதுலதாங்க ஓட்டிப் பழகுறேன். மத்ததெல்லாம் கைக்கு அடங்க மாட்டேங்குது."

செல்வம் என்னைப் பார்த்தான். நான் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினேன்.

நாளைக்கு அக்கா அந்தக் காரைத் தேடுவார். சொந்த வண்டியை ஊரான் வண்டி என்று சொன்னவர்கள் இங்கே வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். தனியாக நிற்கக் கூச்சமாக இருக்கிறது.