விசிலடித்த வாட்ச்மேனும் ஃபிடில் வாசிக்காத நீரோவும்

காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலை வாட்ச்மேனின் காக்கிச் சட்டைக்குள் இன்னொருவர் நுழையலாம். எந்நேரமும் விசிலடிப்பார். ஆலையில் உமிக் குவியல் எரிந்தபோதும் 'நீரோவைப் போல' விசிலடித்ததாக முதலாளி மெமோ கொடுத்துவிட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில், பதில் எழுதித் தரச் சொல்லி, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற என் சிதம்பரம் வீட்டுக்கு வந்தார்.

"நீரோன்னா யாரு சார்?"

"ரோமாபுரி ராஜா. ஊரு எரியறப்ப ஃபிடில் வாசிச்சான்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல ஃபிடிலே கெடையாது. தீப்புடிச்சப்ப அவன் வெளியூர்ல இருந்தான். திரும்பி வந்து, வீடு போனவங்களுக்குத் தன் தோட்டத்தையே தொறந்துவிட்டான்."

"நானும் கேட் நோட்டுல கையெழுத்து போட்டுட்டு சாப்புடப் போயிருந்தேன் சார். ஓடியாந்து அணைச்சதே நாந்தான்."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். "ஆனா அவன் பெத்த அம்மாவையே கொன்னவன்" என்றேன்.

"அது வேற கேஸு சார். அதுக்குத் தனி மெமோ குடுக்கணும்."

அலுவலக விதியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன மேலதிகாரி எனக்கு வாய்த்ததே இல்லை. வேலை தப்பியது. விசில் மட்டும் இன்னும் நிற்கவில்லையாம்.