தூக்கம்: நார்மல்

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் மெடிக்கல் சென்டரில் முப்பது வருடம் ஆண் நர்ஸாக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். நடந்ததில் ஆலையைவிட என் கைவேலைதான் அதிகம்.

1. முதல் நாள்

நான் சேர்ந்த அன்றே ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்க ஆட்களுக்கு வருடாந்திர செக்கப். ஃபாரத்தில் ஒரு கேள்வி: தூக்கம் எப்படி? புது ஆள் அல்லவா, ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்தேன். மதியத்துக்குள் பதினோரு பேர்தான் முடிந்தார்கள். மைன்ஸ் மேனேஜர் வந்தார்.

"யோவ், மாப்ள பாக்கவா வந்திருக்க? தூங்குறானா, திங்குறானான்னு விசாரிச்சுக்கிட்டு. வெளிய டம்பர் லாரி எல்லாம் சும்மா நிக்குது."

நான் புத்திசாலி. மறு வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 'தூக்கம்: நார்மல்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். அதன்பிறகு ஆட்கள் வருவதற்கு முந்தின நாளே எல்லா ஃபாரத்திலும் குத்தி அடுக்கிவிடுவேன். மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் பச்சைக் குழந்தைகளாகத் தூங்கினார்கள், காகிதத்தில். மேனேஜர் என்னை 'ஸ்பீடான ஆள்' என்றார். ஆட்களுக்கும் திருப்திதான். தூக்கத்தில் கோளாறு என்று எழுதினால் டம்பரிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம்.

2. பஞ்சு வைத்தியம்

டம்பர் டிரைவர் கலியபெருமாள் விக்கிரமங்கலத்துக்காரர். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். 'குறட்டைக் கலியன்' என்று பெயர் வைத்தவன் நான்தான். அந்தப் பெருமையும் எனக்கே.

ஒருமுறை காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க அவரோடு வந்த மனைவி தனலட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், குறட்டை வுடுறப்ப நடுவுல இவருக்கு மூச்சே நின்னுபோவுதுங்க. நான் உலுக்கி வுட்டாத்தான் திரும்ப வருது."

"ஏம்மா, குறட்டை வுடாத ஆம்பள எந்த வூட்டுல இருக்கான்? காதுல பஞ்சு வச்சிக்கிட்டுத் தூங்குங்க."

நர்ஸிங் படித்தவனின் வைத்தியம் அது. கலியபெருமாளும் சேர்ந்து சிரித்தார். அந்த வருடமும் அவர் நார்மல்.

3. கேட்டில் ஹெல்மெட்

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை செக்யூரிட்டி போன் செய்தார். கலியபெருமாள் ஹெல்மெட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்கு வந்து நிற்கிறாராம். நான் போனபோது கேட்டில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ்ஸிலேயே தனலட்சுமி வந்து இறங்கினார்.

"இந்த மாசத்துல இது மூணாவது தடவைங்க. நேத்து என்னையே யாருன்னு கேட்டுட்டாரு. திருச்சி டாக்டரு பழைய ரிப்போர்ட் எல்லாம் கேக்குறாங்க சார்."

ஃபைலை எடுத்துக்கொண்டு நானே கூடப் போனேன். டாக்டர் புரட்டினார். வருடா வருடம் நார்மல். ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே நீல மையில்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு சொன்னீங்களே, அது எத்தன வருஷமாம்மா?"

"இருவது வருஷம் இருக்கும்ங்க," என்றார் தனலட்சுமி.

"மறதி நோய்க்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இத்தன வருஷம் கவனிக்காம வுட்டா தூக்கமும் கெடும், ஆக்ஸிஜனும் குறையும். மறதி வர்ற வாய்ப்பு கூடும். அப்பவே தெரிஞ்சிருந்தா, மூச்சுக்கு மெஷின் வச்சுத் தூங்கச் சொல்லியிருக்கலாம்." பிறகு ஃபைலை என் பக்கம் திருப்பினார். "இதை யார் விசாரிச்சு எழுதினது?"

"நான்தான் சார்," என்றேன். விசாரித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தனலட்சுமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெட்கத்தில் என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தூக்கத்தைப் பற்றித் தூங்குகிறவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அவருக்கு எதுவும் தெரியாது. வீட்டில் பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். பகலில் தூங்கி விழுகிறவருக்குப் பட்டப்பெயர் வைக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை விக்கிரமங்கலம் போகிறேன். மனைவியைத் தெரியாத கலியபெருமாளுக்கு என்னை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

"சார், நமக்கு நார்மல் போட்டாச்சுங்களா? ஷிஃப்ட்டுக்கு நேரமாவுது."

இல்லை என்றால் அழுகிறார். அதனால், "போட்டாச்சு கலியபெருமாள்" என்கிறேன். ஸ்டாம்பைக் குப்பையில் போட்டு வருடக்கணக்காகிறது. குத்தும் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை.