திரும்பிப் போன கொப்பி

நான் அக்கா என்று கூப்பிட்ட அந்த நோயாளியின் பையில் எப்போதும் லீக்ஸ் இருக்கும். டவுனில் நான் தாதியாக இருந்த எச்.ஐ.வி. கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கேட்டவர்களிடம் கந்தப்பளைச் சின்னம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருப்பாள். சின்னம்மா செத்து எத்தனையோ வருடம். அந்தப் பொய்க்குச் சாட்சிதான் கந்தப்பளைத் தோட்டங்களில் விளைகிற, ஆனால் அவள் டவுன் சந்தையில் வாங்கின லீக்ஸ். கொழும்பில் வேலை செய்த புருசன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் செத்துப்போன நோய் அது. மாத்திரையை ஒருநாளும் தவறவிடாமல் விழுங்கி, கொழுந்து பறித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை விடாதவரை உயிருக்குப் பயமில்லை என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

பிறகு மேலே இருப்பவர்களுக்கு ஞானம் பிறந்தது. தனிக் கிளினிக் வைப்பதே அந்த நோயாளிகளை ஒதுக்குவதுதான், சீனி, பிரஷர் மருந்தோடு அந்த மருந்தையும் சேர்த்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாம் என்றார்கள். யோசனை தப்பில்லை. இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன். கூட்டத்தில் பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, தோட்டத்து ஆட்களுக்கு இதில் ஏதும் சிக்கல் வருமா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த அறையில் லயத்தில் பிறந்தவள் நான் ஒருத்திதான். வராது என்றேன். என்னிடம் கேட்டாரே என்ற பெருமை எனக்கு. டவுன் கிளினிக்கை மூடி, என்னை அக்காவின் தோட்டத்துக்குக் கிட்டே இருந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

"இனி ரெண்டு பஸ் ஏற வேணாம்க்கா" என்றேன் அவளிடம்.

"அங்க எங்க லயத்து ஆளுங்க வருவாங்களே மிஸ்?"

"வரட்டுமே. எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே மாதிரிக் கொப்பி. யாருக்கு என்ன மாத்திரைன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

நோயாளி கையில் கொடுத்துவிடும் கிளினிக் கொப்பியில் நோயின் பெயரைக்கூட நாங்கள் எழுதவில்லை. ஓர் எண் மட்டும். அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

லயத்தில் கிளினிக்குக்கு எல்லோரும் போவதில்லை. போனால் அன்றைக்கு வேலைக்குப் பேர் விழாது, ஒருநாள் சம்பளம் போச்சு. அதனால் ஒருத்தி எல்லோருடைய கொப்பிகளையும் வாங்கிப்போய் மருந்து எடுத்து வருவாள். அக்கா தன்னுடையதைக் கொடுக்காமல் இரண்டு மாதம் தானே வந்தாள். மூன்றாம் மாதம், கிளம்புவதற்கு முன் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரி அக்காவின் மகளிடம் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

என் மேசையில் பன்னிரண்டு கொப்பிகளை வைத்தாள். பதினொன்றுக்கு மருந்து கொடுத்தேன். பன்னிரண்டாவது அக்காவுடையது. அந்த மருந்தை மட்டும் ஆளைப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது என்று சட்டம்.

"இதுக்கு ஆளே வரணும்" என்றேன்.

"ஏன் மிஸ், அவளுக்கு மட்டும் என்னா?"

மருந்து முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் இல்லை என்றிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா வருடக்கணக்காக ஒரு பொய்யைக் காப்பாற்றினாள். படித்த எனக்கு ஒரு பொய் வாயில் வரவில்லை. நான் முழித்த முழியே போதுமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அந்தக் கொப்பியை எட்டிப் பார்த்தார்கள். புருசன் செத்ததையும் அந்தக் கொப்பியையும் லயம் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டது.

அன்றைக்கும் அக்கா வரவில்லை, அதன்பிறகும் வரவில்லை. பீலியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் எழும்பிப் போனார்களாம். நான் லயத்துக்குத் தேடிப் போனால் ஊரறிய முரசு கொட்டின மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் உண்மை.

எட்டு மாதம் கழித்து வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாத்திரையை மறுபடியும் தொடங்கினோம், காலம் கடந்திருந்தது. கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"பெரிய டாக்டருக்குத் தெரியாது, சரி. நீங்களும் லயத்துப் புள்ளதானே மிஸ்? உங்களுக்குமா தெரியாது?"

அந்த வாரமே போய்விட்டாள். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது எல்லா மருந்தும் ஒரே இடத்தில் கொடுக்கிறோம். வந்து பார்ப்பவர்கள் பாராட்டிவிட்டுப் போகிறார்கள், நானும் தேநீர் கொடுத்து அனுப்புகிறேன். அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எனக்குத் தெரியும். மாதாமாதம் என் அம்மாவின் கொப்பியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான்.