யார் பெயரில் வீடு

2005 செப்டம்பர், இரண்டாவது புதன்கிழமை. முதுநகரில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். சுனாமியில் போன வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கேட்கும் விண்ணப்பம். மறுநாள் கடைசி நாள். கணவர் கேரளாவில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தார்.

“அவுரு பேர எழுதுங்க சார். வீடுன்னா ஆம்பள பேர்லதான?”

“அவர் பேர் என்ன?”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கணவர் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார்.

அந்த வாரம் நான் அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்துச் சட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. அவள் சம்பாதித்ததும் கணவனுக்கே. ஆனால் 1718இல் பென்சில்வேனியாவில், கடலுக்குப் போன மாலுமியின் மனைவி தன் பெயரிலேயே வியாபாரம் செய்யலாம், வழக்கும் போடலாம் என்று சட்டம் வந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

“அங்கயும் மீன்தான் வித்தாங்களா சார்?”

“தெரியல. உங்க பேர்லயும் வீடு கேக்கலாம். யார் பேர்ல கேட்டாலும், நாளைக்கு ஆபீஸ்ல அந்தப் பேர வாயால சொல்லச் சொல்லுவாங்க.”

கையிலிருந்த ரேஷன் கார்டைப் பார்த்தார்.

“அத்தினி பேரு முன்னால அவுரு பேர எப்டி சார் சொல்லுவேன்? எம் பேரயே எழுதிடுங்க. அவுரு வந்து கேட்டா இதத்தான் சொல்லுவேன்.”

எழுதினேன். கணவர் பெயருக்கான கட்டத்தை ரேஷன் கார்டைப் பார்த்து நிரப்பினேன். 2007 பொங்கலுக்கு முன்பு அந்த அம்மாவின் பெயரிலேயே பட்டா வந்தது.