அட்மின் கட்டும் முடிச்சு

மஞ்சள் துணியைப் பிளக்கின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, முடிச்சுப் போடுகிறார். போட்ட முடிச்சை இரண்டு விரலால் தட்டிக் கொடுக்கிறார், பிள்ளையைத் தூங்கப் பண்ண முதுகில் தட்டுகிற மாதிரி. வேனிலிருந்து இறக்கிய ஃப்ரிட்ஜ் கூடத்தின் நடுவே நிற்கிறது. வீட்டுக்கார அம்மாள் பாலும் காய்கறியும் நிறைந்த பையோடு அதன் பக்கத்தில் நிற்கிறார்.

"எப்ப சார் சுவிட்ச் போடலாம்?"

"நாளைக்குக் காலைல நானே வந்து அவுத்து விடுறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"பால் கெட்டுடுமே?"

"பால் கெட்டா வேற பால் வாங்கிக்கலாம். கம்ப்ரஸர் கெட்டா என்னைத்தானே கூப்பிடுவீங்க?"

ஃப்ரிட்ஜைப் பெயர்த்து எடுத்துப் போனால் அதன் அடியில் இருக்கும் கம்ப்ரஸரின் எண்ணெய் கலங்கிக் குழாய்க்குள் ஏறிவிடுமாம். அது இறங்கித் தன் இடத்தில் உட்காரும்வரை மின்சாரத்தைக் காட்டக் கூடாதாம். இதில் பாதி தொழில், மீதிப் பாதி அவர் சுபாவம். ஒருமுறை இப்படி ஒரு வீட்டில் முடிச்சுப் போட்டுவிட்டு, மறந்துபோய் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அந்த வீட்டார் இன்னும் வெந்நீராய்க் கிடந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு முடிச்சுக்குக் காவல் இருந்தார்கள். அவர் கட்டியதை அவிழ்க்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. அதை அவர் பெருமையாகத்தான் சொல்லுவார்.

என் தங்கை மகளைக் கட்டியவர் இவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் வாழ்கிறது. மற்றபடி மனைவிக்கு, டீக்கடைக்காரருக்கு, பல் பிடுங்கிய டாக்டருக்கு, எல்லாருக்குமே அவர் அட்மின்.

எதற்கு அட்மின் என்றால், குளிர்ப்பெட்டி மன்றத்துக்கு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் தங்கள் தொழில் சந்தேகங்களைத் தமிழில் எழுதிக் கேட்டுக்கொள்ளும் இணைய மன்றம் அது. எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதுகிறார்கள். ஒருவர் "கேஸ் நிக்கலை, என்ன செய்ய?" என்று கேட்பார். நாலு பேர் பதில் சொல்வார்கள். ஐந்தாவது ஆள் முதல் நாலு பேரும் முட்டாள்கள் என்று நிரூபிப்பார். ஆறாவதாக அட்மின் வந்து, "தலைப்புக்குள் நிற்கவும்" என்று எழுதிவிட்டுப் போவார். மன்றத்தில் அவருடைய பங்களிப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு வார்த்தைதான்.

வீட்டோடு சேர்ந்த கடையின் பின்னறையில்தான் சிம்மாசனம். உயிர்போன ஒரு வாஷிங் மெஷினின் தலையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். எதிரே கைப்பிடி உடைந்த நாற்காலி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, வந்த பதிவுகளை ஒவ்வொன்றாய் உரக்கப் படிப்பார். புதிதாய்ச் சேர்கிறவர் கேட்ட கேள்வி எதுவானாலும் முதல் பதில் ஒன்றுதான்: "வருக. விதிகளைப் படித்துவிட்டு வரவும்." விதிகள் அனைத்தும் அவர் எழுதியவை. யாராவது அவருக்குப் பிடிக்காததைச் செய்தால் மறுநாள் அதற்கு ஒரு விதி பிறந்துவிடும். விதிகளை முழுக்கப் படித்து முடித்தவர் மன்றத்தில் ஒருவர்கூட இல்லை என்று நினைக்கிறேன். படித்து முடிப்பதற்குள் அவர்கள் கொண்டுவந்த ஃப்ரிட்ஜ் தானாகவே சரியாகியிருக்கும்.

அந்த விதிகளில் ஒன்றுக்குப் பலியானவன்தான் திருப்புளி. மன்றத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. வீட்டில் அவன் அட்மினின் மச்சினன், அதாவது என் தங்கை மகன். அவனும் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளிக் கடை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன், அந்த விஷயத்தில் என் தங்கையை உரித்து வைத்திருக்கிறான்.

சண்டைக்குக் காரணம் சொத்தா, நிலமா என்று கேட்டுவிடாதீர்கள். நகர்த்திய ஃப்ரிட்ஜ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுதான். ராத்திரி முழுக்க நிற்க வேண்டும் என்றார் அட்மின். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் சரி, நிமிர்த்திக் கொண்டுவந்ததற்கு எதற்கு அவ்வளவு நேரம் என்றான் திருப்புளி. பேச்சு வளர்ந்தது. "மச்சான் சொல்றதெல்லாம் அவர் மாமனார் காலத்து ஃப்ரிட்ஜுக்கு" என்று எழுதிவிட்டான். அந்த மாமனார் யார்? திருப்புளியைப் பெற்ற அப்பன். பெற்ற மகனே அப்பனைப் பேசுவதா என்று மருமகனுக்கு ரோஷம் பொங்கிவிட்டது. மரியாதைக் குறைவு என்ற விதியின்படி, நிரந்தரத் தடை.

மன்றத்திலிருந்துதான் தடை. ஆனால் மறுநாளிலிருந்து அவன் அக்கா வீட்டுப் படியும் ஏறவில்லை. தன் பக்கத்துக்கு, திரையில் வந்த 'நீங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள். காரணம்: மரியாதை' என்ற வாசகத்தை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினான். வருகிற வாடிக்கையாளர்கள் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அக்காவும் தம்பியும் வருஷக் கணக்காக மருந்துக்கடை வாசலில்தான் சந்தித்துக்கொண்டார்கள். இவள் சாப்பாட்டு டப்பாவை நீட்டுவாள், அவன் காலி டப்பாவைத் திருப்புவான். கடத்தல்காரர்கள்கூட இன்னும் கொஞ்சம் தைரியமாக நடந்துகொள்வார்கள்.

அட்மினைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஓர் ஏணிக்காகப் பேச்சை விட்டவர்கள். சுவரோடு சுவராக வீடு. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் அப்பா தன் நாயைப் பார்த்துச் சொல்லுவார், சித்தப்பா அந்தப் பக்கம் நின்று தன் பூனையைப் பார்த்துப் பதில் சொல்லுவார். அவர்கள் சாகும்வரை அந்த ஏணி யார் வீட்டில் இருந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லை. இருந்திருந்தால் இரண்டு பேருமே ஆளுக்கொரு மன்றம் நடத்தியிருப்பார்கள்.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருக்கையில்தான் அந்தக் கடிதம் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது. மன்றத்தை ஓட்டும் மென்பொருளைச் செய்த கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்று ஆரம்பித்திருந்தார்கள். அப்படி ஆரம்பித்தாலே நமக்கு ஏதோ கெட்ட காலம் என்று அர்த்தம். ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் உங்களுடையது என்று முன்பு விற்ற உரிமம் இனிச் செல்லாது. இனி வருஷா வருஷம் கட்ட வேண்டும். ஆள் சேரச் சேர அதிகம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கதவு பூட்டப்படும், உள்ளே எழுதி வைத்ததெல்லாம் உள்ளேயே இருக்கும். எல்லாம் உங்கள் நன்மைக்கே என்று முடித்திருந்தார்கள்.

அட்மின் கொதித்துப் போனார்.

"மாமா, காசு கொடுத்து வாங்கின வீட்டுக்கு வந்து வாடகை கேக்கிறான் மாமா! ஒரே நாள்ல சட்டத்தை மாத்துறான். கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சானா? தன் இஷ்டத்துக்கு விதி போடுறதுக்கு இவன் யாரு?"

என் தங்கை மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதானே! இஷ்டத்துக்கு விதி போடுறவங்களைக் கண்டாலே எனக்கும் ஆகாதுங்க" என்றாள். அவருக்கு அது உறைக்கவில்லை. "பாத்தீங்களா மாமா, இவளுக்கே புரியுது" என்றார்.

உடனே மன்றத்தில் வாக்கெடுப்பு. ஜனநாயகம் என்றால் அவருக்கு உயிர். இரண்டு பொத்தான் வைத்திருந்தார். ஒன்றில் 'அட்மின் முடிவுக்குச் சம்மதம்' என்றிருந்தது. இன்னொன்றில் 'முழுச் சம்மதம்'. அமோக ஆதரவு. வேறு மென்பொருளுக்குப் போயே தீர வேண்டும், கம்பெனிக்குப் பாடம் புகட்ட வேண்டும், மானம்தான் பெரிது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். "மாற்றுகிற வேலைக்கு யார் கை கொடுப்பீர்கள்?" என்று அட்மின் கேட்டதும் மன்றம் முழுவதும் ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ந்து அடங்கியது. 'பழைய கம்ப்ரஸர்' என்ற பெயரில் எழுதும் ஒரு பெரியவர் மட்டும், "நான் இருக்கும்போதே மாத்தி முடிச்சிடுங்க தம்பி, பாஸ்வேர்டு மறந்துடும்" என்று எழுதினார்.

ஆக, எல்லாப் பொறுப்பும் அட்மின் தலையில். யாரோ நாலைந்து நல்லவர்கள் சேர்ந்து செய்து, இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தார். பழையதிலிருந்து புதியதற்குப் பதிவுகளைப் பெயர்த்துக் கொண்டுபோக அதிலேயே வழி இருந்தது. குறிப்பு ஒன்றும் கூடவே இருந்தது. பெயர்த்து முடித்ததும் மன்றத்தைத் திறக்காதீர்கள், படங்களும் பட்டியல்களும் பின்னால் மெதுவாக வந்து சேரும், பதவிகளையும் தடைகளையும் சரிபார்த்துவிட்டு மறுநாள் திறவுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்ததாம். அவர் அதைப் படித்தார். எப்படிப் படித்தார் என்றால், அவருடைய விதிகளை மற்றவர்கள் படிக்கிற மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை குடியேற்றம். காலையிலிருந்து பின்னறையில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து திரையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அட்மின் சாப்பிட வரவில்லை. எழுதி வைத்த வரவேற்புரையை நாலு தரம் எனக்கே படித்துக் காட்டினார். 'அடிமைத்தளையை அறுத்தெறிந்து' என்று தொடங்கும். பிற்பகலில் கோடு முடிந்தது.

"முடிஞ்சுது மாமா! திறந்துடறேன்."

"கொஞ்ச நேரம் பொறுத்துத் திறந்தா என்னங்க?" என்றாள் என் தங்கை மகள், அவர் தட்டை மூடி வைத்துக்கொண்டே.

"ஊரே வாசல்ல நிக்குது. பொறுக்கிறதாம்!"

திறந்தார்.

ஊர் உள்ளே வந்தது. வந்து பார்த்தால் படம் ஒன்றையும் காணோம். கம்ப்ரஸர் படம், குழாய்ப் படம் இருந்த இடத்திலெல்லாம் காலிக் கட்டம். 'மூத்த உறுப்பினர்', 'வல்லுநர்' என்று வருஷக் கணக்காய்ச் சேர்த்து வைத்த பட்டமெல்லாம் போய், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் 'புதியவர்' என்றிருந்தது. பழைய கம்ப்ரஸருக்கும் புதியவர். அட்மின் என்ற பெயருக்கும் கீழே, கொட்டை எழுத்தில், புதியவர். "எங்கே என் வல்லுநர்?" என்று வரிசையாகக் கூச்சல். வரவேற்புரையை ஒருவரும் படிக்கவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அந்தப் பெயர் வந்தது. தடைகளும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன போலிருக்கிறது.

திருப்புளி எழுதியிருந்தான்: "மச்சான், இறக்கி வச்ச உடனே பிளக்கைச் சொருகிட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். மன்றமும் சிரித்தது. எந்தெந்த நாட்டிலிருந்தோ மஞ்சள் முகங்கள் வரிசையாய்ப் பல்லைக் காட்டின. அட்மினின் காது மட்டும் சிவந்தது.

"திறந்து டீ ஆறலை, அதுக்குள்ள எப்படி வந்தான் இவன்? யார் சொன்னது இவனுக்கு?"

"யாரும் சொல்லலைங்க" என்றாள் இவள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "தினம் கடை திறந்ததும் ஒரு தரம், மூடும்போது ஒரு தரம், உள்ள விடுதான்னு தட்டிப் பாக்கிறான். தடை பண்ணின நாள்லேருந்து. இன்னைக்குத் திறந்துக்கிச்சு."

பட்டம் போனாலும், மன்றத்தை நிறுவியவர் என்ற அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. மவுசை நகர்த்தினார். திருப்புளியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. ஒரு நாள், ஒரு வாரம், நிரந்தரம். அம்புக்குறி நேராகக் கடைசிக்குப் போய் நின்றது. வழி தெரிந்த கழுதை மாதிரி.

"ஏங்க."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"இருந்துச்சு. அதுவும் பழைய வீட்டிலயே நின்னுடுச்சு, பாருங்க. விதிப் பக்கம் காலியா இருக்கு." அவள் விரலைத் திரையில் வைத்தாள். "உங்க பேருக்குக் கீழ என்ன போட்டிருக்கு? புதியவர். அவன் பேருக்குக் கீழ? புதியவர். இன்னைக்குத்தான் குடிவந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னொருத்தரைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுறது நல்லாவா இருக்கு? அழுத்துறதுன்னா அழுத்துங்க. ஆனா இந்தத் தடவை டப்பாவை எடுத்துக்கிட்டு நான் மருந்துக்கடை வாசல்ல போய் நிக்க மாட்டேன். அவன் வீட்டிலயே போய் உக்காந்து பரிமாறிட்டுதான் வருவேன். எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இந்தப் பெண் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவள் கல்யாணத்தன்றுகூட ஒற்றை வார்த்தையில்தான் சம்மதம் சொன்னாள்.

அட்மினின் ஆள்காட்டி விரல் மவுசின் மேலேயே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் இன்னொரு வரி வந்தது.

"படமெல்லாம் பின்னாடியே மெதுவா வந்துடும் மச்சான். ராத்திரி முழுக்க நிக்க விடுங்க. நீங்க சொல்றதுதான்."

அவர் அதை உரக்கப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார், வரி மாறியிருக்கிறதா என்று. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். 'தலைப்புக்குள் நிற்கவும்' என்றுதான் இருக்கும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

தோளில் கிடந்த மஞ்சள் துணியை உருவினார். மவுசின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார். இரண்டு விரலால் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சாப்பிட எழுந்து போனார்.